எழுபத்தைந்து அங்குலச் சந்தேகம்

அத்தியாயம் பதினேழு

ஒரு டீவி வாங்குவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீவி வாங்குவது சின்ன விஷயம்தான். ஆனால் அதைக் கேட்ட மனிதர் ஒன்பது வருடமாக வீட்டுக்கென்று ஒரு கரண்டிகூடக் கேட்காதவர். அங்கேதான் முப்லிஹாவின் மனசுக்குள் ஏதோ குடையத் தொடங்கியது.

ஏறாவூரில் இருப்பது அவளுடைய வீடு. அவளுடைய என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. வாப்பா கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். பதினாறு வருடத்துக்கு முன் ஓட்டமாவடியிலிருந்து ரிஸ்கானும் அப்படித்தான் வந்தார். ஏழு வருடம் இருந்தார், பிறகு டோஹாவுக்குப் போனார். அங்கே ஒரு கட்டட வேலைத்தளத்தில் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார், நாற்பது நாள் நிற்பார், போவார்.

நாலு மாதத்துக்கு முன்பு வரை ஒவ்வொரு நாளும் போனில் கதைத்த மனிதர். திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. அழைத்தால் எடுக்கமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து வட்ஸ்அப்பில் எழுத்து வரும். ரூமில ஆக்கள். வேலையில நிக்கன். நெட் சரியில்ல. எழுத்துக்கு மட்டும் வந்து குரலுக்கு வராத நெட்டை முப்லிஹா எங்குமே கேள்விப்பட்டதில்லை.

போன கிழமை அதே எழுத்தில்தான் பட்டியலும் வந்தது. அடுத்த மாதம் வருகிறாராம். வருவதற்கு முன் டீவி வாங்கி வைத்திருக்க வேண்டுமாம். எழுபத்தைந்து அங்குலம். கூடவே ஐந்து ஸ்பீக்கரும் பெரிய பேஸ் பெட்டியும் உள்ள ஹோம் தியேட்டர், சத்தம் எவ்வளவுக்குக் கூடவோ அவ்வளவுக்கு நல்லது. அதில் ஒரு ஸ்பீக்கர் அவர் குந்தும் கதிரையின் இடப்பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டும். ஸ்பீக்கரில் சத்தம் வரும்போதே ஹெட்போனிலும் தனியாகச் சத்தம் வரக்கூடிய டீவியாகப் பார்த்து எடுக்க வேண்டும். கடைசி வரியில், வாழைச்சேனையில் இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

ஏன், ஏறாவூரில் கடை இல்லையா? மட்டக்களப்பு டவுனில் இல்லையா? வாழைச்சேனையில் பாலத்தைத் தாண்டினால் ஓட்டமாவடி. ஓட்டமாவடியில் ரிஸ்கானின் தங்கச்சி றிஸ்னா இருக்கிறாள். அவளுக்கு இந்த வருடம்தான் புது வீடு கட்டி முடிந்தது. ஹோலில் ஒரு கலியாணமே வைக்கலாம் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

இதையும் அதையும் முதலில் முடிச்சுப் போட்டவர் முப்லிஹாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் அஹமட். இந்த ஊர்களில் ஒரு ஆம்பிளை உழைத்தால் அது முதலில் சகோதரியின் வீட்டுக்குப் போகும், தனக்குக் கலியாணம் முடிந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே கசிந்துகொண்டே இருக்கும் என்பது அஹமட்டின் நெடுநாள் கருத்து. முப்லிஹாவின் வீட்டுக் கூரை அவருடைய உழைப்பில்தான் ஏறியது என்பதால் அவர் இதை அனுபவத்தில் பேசினார்.

“டீவிய நீ வாங்குவாய். இறக்கிறது அவர்ர தங்கச்சிர வீட்டுல. மறுகா அவரும் அங்கதான் வந்து இறங்குவார், பாரு” என்றார் அவர்.

டீவி போனால் போகட்டும். அவர் எந்த வீட்டில் வந்து இறங்குவார் என்கிற கேள்விதான் முப்லிஹாவை ஒரு கிழமையாகச் சோறு தின்ன விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அஹமட்டின் ஓட்டோ வாசலில் வந்து நின்றது. பிள்ளைகள் இருவரையும் அவருடைய மனைவியிடம் விட்டாயிற்று. ஏறுவதற்கு முன் முப்லிஹா ஒரு தடவை போன் எடுத்துப் பார்த்தாள். வெள்ளி என்றால் டோஹாவில் லீவு, வேலை என்ற சாக்கு இன்றைக்கு எடுபடாது. மணி போய் நின்றது. ஒரு நிமிடத்தில் எழுத்து வந்தது. ரூமில ஆக்கள். கடைக்குப் போய் மெசேஜ் போடுங்க.

ஆக்கள் என்றால் என்ன ஆக்கள் என்று அஹமட் ஓட்டோக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக் கேட்டார். செங்கலடி தாண்டி, கிரான் தாண்டி, வாழைச்சேனைச் சந்தி வரும் வரைக்கும் அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டு வந்தார். டோஹாவில் இன்னொருத்தி இருக்கிற ஒருவரைப் பற்றியும், தங்கச்சிக்கு மாடி கட்டிக்கொடுத்துவிட்டு மனைவிக்கு ஒரு மின்விசிறி அனுப்பிய இன்னொருவரைப் பற்றியும் சொன்னார். அந்த இருவரையும் முப்லிஹாவுக்குத் தெரியாது. ஆனாலும் இருவருக்கும் ரிஸ்கானின் முகம்தான் அவள் மனசில் வந்தது.

கடை பெரிய கடைதான். ஒரு சுவர் முழுக்க டீவிகள், எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. ஸாஜித் என்பவர் முதலாளி. நாற்பது வயதிருக்கும். ரிஸ்கானைத் தெரியுமா என்று முப்லிஹா எடுத்த எடுப்பில் கேட்டாள். தெரியாது என்றார். ஓட்டமாவடிக்கு ஒரு டீவி கொண்டுவந்து இறக்கச் சொல்லி யாரும் போன் பண்ணினார்களா என்று கேட்டாள். அவர் விழித்துக்கொண்டு நின்றார். நல்லாத்தான் நடிக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

ஹோலின் நீளம் என்ன, யன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் டீவியில் அடிக்குமா என்று ஸாஜித் ஒவ்வொன்றாக விசாரித்தார். கதிரையிலிருந்து சுவர் பதினொரு அடி என்று அவள் சொன்னாள். அப்படியானால் அறுபத்தைந்து அங்குலமே தாராளம், எழுபத்தைந்து வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம் என்றார். யன்னல் வாவிப் பக்கமென்றால் உப்புக் காற்றுக்கு ஒரு உறை போட வேண்டும், கரண்ட் கூடிக் குறைவதால் ஒரு பாதுகாப்புப் பெட்டியும் தேவை என்றார். பெரியதை விற்காமல் சின்னதைக் காட்டுகிற கடைக்காரரை முப்லிஹா அதுவரை கண்டதில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பட்டியலைப் போனில் காட்டினாள். ஸாஜித் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஐந்து ஸ்பீக்கர் என்றால் அறையின் நாலு பக்கமும் பரவி நிற்க வேண்டும். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. அதில் ஒன்றைக் கொண்டுபோய்க் கதிரையின் காதடியில் வைத்தால் மற்ற நாலும் வீண். படிப்பறிவில்லாத ஆள் கேட்டதா இது என்று கொஞ்சம் ஏளனமாகத்தான் கேட்டார். ஜெனரேட்டரைப் பிரித்துப் பூட்டுகிற மனிதருக்கு அது தெரியாமல் இருக்காதே என்று முப்லிஹா யோசித்தாள்.

பிறகு ஹெட்போன் வரிக்கு வந்தார். அப்போது அவருடைய முகம் மாறியது. ஏளனம் போய்விட்டது.

சாதாரண டீவியில் ஹெட்போனை இணைத்தால் ஸ்பீக்கர் நின்றுவிடும், இரண்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் வருவது சில மாடல்களில் மட்டும்தான் என்று விளக்கினார். ஹெட்போனின் சத்தத்தை மட்டும் தனியாகக் கூட்டலாமாம், ஸ்பீக்கர் அப்படியே இருக்குமாம்.

“இதக் கேட்டு வாற எல்லாரும் ஒரே காரணத்துக்குத்தான் வாறவங்க, றாத்தா. வீட்டுல ஆருக்கோ காது கேக்காது. அவங்க ஹெட்போனப் போட்டுக் கூட்டி வெச்சிக் கேப்பாங்க, மத்தவங்க சும்மா கேப்பாங்க. ஒங்கட வீட்டுல ஆருக்கு?”

எங்கட வீட்டில் ஒருவருக்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பாதியில் நிறுத்தினாள். ரிஸ்கானின் உம்மாவுக்குக் காது கேட்காது. காதில் மிசின் வைத்திருக்கிறார். மகளோடுதான் இருக்கிறார், றிஸ்னாவின் புது வீட்டில்.

அவள் அஹமட்டைப் பார்த்தாள். அஹமட் அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. விளங்கியது முழுக்கப் பிழை என்பது பிறகு தெரியவந்த கதை. ஆனால் அந்த இடத்தில், இந்த ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருப்பார்கள். உம்மா மகள் வீட்டில். மகனுடைய உழைப்பு தங்கச்சி வீட்டில். வேறு எங்கே போய்த் தேடுவது?

டீவியை ஒதுக்கி வைக்கும்படி சொல்லிவிட்டு முப்லிஹா வெளியே வந்தாள். ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டி இரண்டரைக்குத் திறப்போம் என்று ஸாஜித் பின்னால் சொன்னது அவளுக்கு அரைகுறையாகக் கேட்டது. அவ்வளவு கோபம்.

அஹமட் அவளை றிஸ்னாவின் கேட்டடியில் இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போனார். போகும்போது, சண்டை பிடிக்காதே, முதலில் ஹோலைப் பார் என்று புத்தி சொன்னார்.

ஹோலைப் பார்த்தாள். ஊரில் சொன்னதில் பாதிதான் உண்மை. மாபிள் இருந்தது, ஆனால் இரண்டு யன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. சுவரில் ஏற்கனவே ஒரு டீவி இருந்தது. நாற்பத்து மூன்று அங்குலமோ என்னவோ. அதைச் சுற்றி மரத்தால் அலுமாரி அடித்திருந்தார்கள், டீவியின் அளவுக்கே அளந்து. அதற்குள் எழுபத்தைந்து அங்குலம் நுழையாது. முப்லிஹாவின் கோபத்துக்கு முதல் தடவையாக ஒரு சின்னத் தடை வந்தது.

றிஸ்னா கதிரை காட்டினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மாமி எங்கே என்று முப்லிஹா கேட்டதற்கு, பக்கத்துத் தெருவில் பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் செய்தவளின் முகம் என்று முப்லிஹா மனசுக்குள் குறித்துக்கொண்டாள். ஆனால் கேள்வி முதலில் றிஸ்னாவிடமிருந்துதான் வந்தது.

“மச்சி, நான் ஒங்களுக்கு என்ன குத்தம் செஞ்ச? என்ட காக்காவ ஏன் என்னோட கதைக்க விடாம வெச்சிரிக்கீங்க?”

முப்லிஹாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. றிஸ்னா கொட்டத் தொடங்கினாள். நாலு மாதமாகக் காக்கா தன்னோடு வாய் திறக்கவில்லை. உம்மா அழுதழுது கேட்டும் போனை எடுக்கவில்லை. வீடு கட்டி முடிந்ததும் மச்சிக்குப் பொறாமை, தங்கச்சியோடு கதைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள் என்று ஊரில் கதை. தானும் அதை நம்பித்தான் இருந்தாள். சொல்லி முடிக்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

முப்லிஹா தன்னுடைய போனை எடுத்து அவளிடம் நீட்டினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. றிஸ்னா வாசித்தாள். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய போனைக் கொண்டுவந்தாள். இரண்டையும் மடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரூமில ஆக்கள். இங்கேயும் ரூமில ஆக்கள். நெட் சரியில்ல. இங்கேயும் நெட் சரியில்ல. ஒருவருக்கு எழுதியதையே மற்றவருக்கும் அனுப்பியிருக்கிறார் மனிதர்.

நாலு மாதம் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் வெட்கம் வந்தது. றிஸ்னா எழும்பிப் போய்ப் பால் விடாத பிளேன்ரித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

டீவியை முப்லிஹா இப்போதுதான் வாயில் எடுத்தாள். பட்டியலைக் காட்டினாள். மாமிக்காகத்தான் அந்த ஹெட்போன் என்று தான் நினைத்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். றிஸ்னா வரிவரியாகப் படித்தாள். இடப்பக்கம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

உம்மாவுக்கு இடக்காது சுத்தமாகப் போய்விட்டது என்றாள் அவள். வலக்காதில்தான் மிசின். இடப்பக்கத்தில் எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் உம்மாவுக்கு ஒன்றுதான். அது காக்காவுக்கு நல்லாத் தெரியும், டாக்டரிடம் முதலில் கூட்டிப்போனதே அவர்தான்.

அப்படியானால் இடக்காது கேட்கிற ஒருவருக்கு. வலக்காது கேட்காத ஒருவருக்கு.

றிஸ்னா பிளேன்ரிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு மாதத்துக்கு முன் காக்கா எழுத்தில் ஒன்று கேட்டிருந்தார் என்று தேடி எடுத்தாள். உம்மாவின் காது மிசினைப் பற்றி. எங்கே வாங்கியது, வெயிலில் வியர்த்தால் பழுதாகுமா, வைத்திருப்பது வெளியில் தெரியுமா. உம்மாவுக்குப் புதியது அனுப்பப் போகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டதாகச் சொன்னாள். மிசின் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெளியில் தெரியுமா. முப்லிஹா அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒன்பது வருடம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். போனில் கதைக்காத மனிதர். எழுதுகிற மனிதர்.

“அவருக்குக் காது கேக்குதில்ல, றிஸ்னா” என்றாள்.

இன்னொருத்தி இருக்கிறாள் என்று நினைத்தபோதுகூட அவளுக்கு இப்படி நோகவில்லை. ஏன் ஒளித்தார், என்னிடம் ஏன் ஒளித்தார் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். வியாதி வந்தால் மனைவியிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சொன்னால் மச்சிக்கு நோகும் என்று றிஸ்னா நினைத்தாள் போல. பிறகு மெல்லச் சொன்னாள். போன தடவை வந்திருந்தபோது, ஹஜ் பெருநாள் அன்று ஏறாவூரில் எல்லோரும் ஒன்றாகச் சோறு தின்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். அஹமட் காக்கா அன்றைக்கு எதிர்வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி ஒரு பகிடி சொன்னாராம். சவூதியில் வேலை போய் வந்து மனைவி வீட்டில் குந்திக்கொண்டிருக்கிறவர் அவர். மாமியார் வீட்டில் குந்துகிற மாப்பிள்ளையை வீட்டுக் கோழிகூட மதிக்காது என்று அஹமட் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம்.

முப்லிஹாவுக்கு ஞாபகம் இருந்தது. அவளும் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். ரிஸ்கான் சிரித்தாரா என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை.

“அடுத்த நாள் இஞ்ச வந்தவர், மச்சி. கையோ காலோ ஏலாமப் போனா ஒன்ட வீட்டுல எனக்கொரு பாய் போடுவியா எண்டு கேட்டார். நான் பகிடியெண்டு நெனச்சன். போடுறன் காக்கா எண்டு செல்லிட்டன்.”

இந்த ஊர் ஆம்பிளைகளின் நிலைமையை முப்லிஹா அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. தங்கச்சிக்கு வீடு கட்டுவார்கள், அது தங்கச்சியின் வீடு. கலியாணம் முடித்துப் போவார்கள், அது மனைவியின் வீடு. உழைக்கும் வரைக்கும் இரண்டு வீட்டிலும் ராஜா. உழைப்பு நின்றால் எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவது?

அந்த மனிதர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பெரிய டீவி வாங்கி, சத்தத்தைக் கூட்டி, இடப்பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்று. ஏறாவூர்க் கடையில் கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தன்னை அறியாத வாழைச்சேனைக் கடையாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார். பாவம். முப்லிஹாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அஹமட் காக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றாள் றிஸ்னா. தெரிந்தால் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கமாட்டார், அவர் வாய் திறந்தால் என்ட காக்கா ஏறாவூருக்கு வரமாட்டார், நேரே இங்கேதான் வருவார். எனக்கு அவர் இங்கே வருவது சந்தோஷம்தான், ஆனால் உங்களுக்கு? முப்லிஹா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையை நாலு மாதம் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறேன் என்று நினைத்தபோது கை விட மனம் வரவில்லை.

இரண்டரைக்கு அஹமட் வந்தார். என்ன சொன்னாள், எப்போது இறக்கச் சொன்னாள் என்று ஓட்டோ பாலத்தில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டார். டீவி எங்கட வீட்டுக்குத்தான் என்று மட்டும் முப்லிஹா சொன்னாள். அஹமட்டுக்கு அது போதவில்லை. போகும்போது புலியாகப் போனவள் வரும்போது கண் சிவந்து வருகிறாள், கேட்டதற்கு ஒழுங்கான பதிலும் இல்லை. தங்கச்சிக்காரி ஏதோ மருந்து போட்டு மடக்கிவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கடை வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு இறங்காமல் முறைப்பாக இருந்தார்.

முப்லிஹா தனியே உள்ளே போனாள். தெரிந்துவிட்டது என்றாலும் இன்னும் ஒரு தடவை தெரிய வேண்டியிருந்தது. நான் நினைத்தது பிழையாக இருக்கட்டும், வேறு ஏதாவது காரணமாக இருக்கட்டும் என்று மனசு கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு முன் மனிதர் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று தேடியவள், இப்போது அவருடைய காது நல்லாக இருக்க வேண்டும் என்று தேடினாள்.

போனில் எழுதினாள். கடையில நிக்கன். நீங்க கண்ணால பாத்துச் செல்லாட்டி ஒண்டும் எடுக்கமாட்டன். வீடியோவுல வாங்க.

மூன்று நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு அவரே அழைத்தார்.

நாலு மாதத்துக்குப் பிறகு அந்த முகம். கன்னம் ஒட்டியிருந்தது, தாடியில் நரை கூடியிருந்தது. பின்னால் வெறும் சுவரும் ஒரு கட்டிலும்தான். ஆக்கள் ஒருவரும் இல்லை. அவர் எடுத்தவுடனேயே பேசத் தொடங்கினார். பிள்ளைகள் சுகமா, வெயில் எப்படி, டீவியைக் காட்டுங்க, கால் உள்ளதா சுவரில் பூட்டுறதா என்று இடைவெளி விடாமல் பேசிக்கொண்டே போனார். அவளுக்குப் பேச இடம் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டி வருமே. குரல் வழக்கத்தைவிடப் பெரியதாக இருந்தது, வயலின் அந்தக் கரையில் நிற்பவரோடு பேசுவது போல.

முப்லிஹா போனை டீவிப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மற்றக் கையால் ஸாஜித்துக்குச் சைகை காட்டினாள். கூட்டுங்க.

ஸாஜித் கூட்டினார். இன்னும் என்றாள். ஐந்து ஸ்பீக்கரும் பேஸ் பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தன. கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த ரிமோட்டுகள் நடுங்கின. தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். முப்லிஹாவின் பல்லே கூசியது. போனில் ரிஸ்கான் முகம் சுளிக்கவில்லை, குறை என்று சொல்லவில்லை. படம் தெளிவா இரிக்கி, கறுப்பு நல்லாக் கறுப்பா இரிக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போதும் என்று கை காட்டினாள். சத்தம் நின்றது. கடை முழுக்க அமைதியானது. அவள் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். டீவியைக் காட்டிக் கேட்பதைப் போலத் தலையை ஆட்டி, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“இஞ்ச பாருங்க. நான் ஒங்கள விட்டுட்டு வேற கலியாணம் முடிக்கப் போறன். ஒங்களுக்குச் சம்மதமா?”

ரிஸ்கான் அவளுடைய வாயைப் பார்த்தார். ஒரு கணம் எதையோ பிடிக்கப் பார்த்தது அவருடைய கண்ணில் தெரிந்தது. பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

“ஓம், ஓம். நல்லம். எனக்குச் சந்தோசம்தான்” என்றார் உரத்த குரலில்.

முப்லிஹாவும் சிரித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தாரே, சிரிக்காமல் என்ன செய்வது? அந்தப் போனுக்குள் கையை விட்டு அந்தத் தாடியைத் தடவ வேண்டும்போல இருந்தது. அவர் கையசைத்து வைத்துவிட்டார். நாலு மாதப் பயம் அவருக்கு இன்றைக்குத் தீர்ந்திருக்கும், சமாளித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். ஸாஜித் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு ஸ்பீக்கரைத் துடைக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கே வரட்டும் என்று முப்லிஹா அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள். காது இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்ட வீட்டு வாசலில்தான் அவர் செருப்புக் கிடக்க வேண்டும். அதுவரை ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை.

திரும்பியபோது கடை வாசலில் அஹமட் நின்றார். சத்தத்தைக் கேட்டு என்னவோ ஏதோ என்று ஓடி வந்திருக்க வேண்டும். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. எந்த நேரத்திலிருந்து அங்கே நிற்கிறார் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

“நீ கேட்டதும் கேட்டுது. அவன் ஓமெண்டதும் கேட்டுது” என்றார் அஹமட். “சந்தோசமாம். பதினாறு வருசம் வாழ்ந்தவன் சிரிச்சிக்கிட்டுச் செல்றான். என்ட ரெண்டு காதாலயும் கேட்டன், புள்ள.”

முப்லிஹா வாயைத் திறந்தாள். நீங்கள் நினைப்பதுபோல இல்லை என்று சொல்ல வேண்டும். ஏன் இல்லை என்று உடனே கேட்பார். அதற்கு இருப்பது ஒரே ஒரு பதில்தான். அதைச் சொன்னால் ரிஸ்கான் ஏறாவூருக்கு வரமாட்டார், சொல்லாவிட்டால் அஹமட் அவரை ஏறாவூருக்குள் விடமாட்டார்.

“வேணாம் காக்கா. வீட்ட போய்க் கதைப்பம்.”

“வீட்ட போய்க் கதைக்கிறதுக்கு என்ன இரிக்கி? அவனிட்டயே கேக்கன்.”

அஹமட் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவள் கையைப் பிடிக்க வந்ததை உதறிவிட்டு ரிஸ்கானின் இலக்கத்தைத் தேடி அழுத்தி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். டோஹாவுக்கு மணி போகத் தொடங்கியது.